சங்கிலியைக் கழற்றும் நாள்

அழகிரிக்கு முப்பத்தெட்டு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. ஸ்கூலுக்குப் போகிற வயதில் வந்து, வாத்தியாரிடம் லீவு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டிய நோய் அது. அப்போது அவனை மறந்துவிட்டு, நாலு பிள்ளைக்குத் தகப்பனாகி, ஜங்ஷன்–ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கண்டக்டராக நிமிர்ந்து நிற்கிற காலத்தில் ஞாபகம் வந்து தேடிக்கொண்டு வந்திருக்கிறது. முதல் நாள் இடது காதுக்குக் கீழே லேசாக வலித்தது. மறுநாள் காலையில் கண்ணாடியைப் பார்த்தால் ஒரு பக்கம் அழகிரி, மறுபக்கம் பஸ் முதலாளி சின்னையா. முதலாளிக்குக் கன்னம் அப்படி.

வாயைத் திறக்க முடியவில்லை. 'தெப்பக்குளம், பாலம், அம்மாமண்டபம்' என்று அவன் பாலக்கரையில் குரல் கொடுத்தால் மெயின்கார்டு கேட்டில் நிற்கிறவன் மூட்டையைத் தூக்கிக்கொள்வான் என்று டிரைவர்கள் சொல்வார்கள். அந்தத் தொண்டையிலிருந்து அன்றைக்கு 'ம்' மட்டும்தான் வந்தது. விசில் ஊதுகிற பேச்சே எடுக்க வேண்டாம்.

அவன் பெண்டாட்டி பாப்பாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த உடனேயே நோயின் பெயரைச் சொல்லிவிட்டாள். மருந்தும் அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டுமல்ல, திருச்சியில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. கழுத்தில் தங்கச் சங்கிலி போட வேண்டும். வீக்கம் வருவதே பொன்னுக்கு ஆசைப்பட்டுத்தான். பொன்னைக் கண்டால் மனம் குளிர்ந்து இறங்கிவிடும். தெரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான், சங்கிலிக்கு எங்கே போவது என்பது. பாப்பாயியின் கழுத்தில் மஞ்சள் கயிறு, காதில் பித்தளை. பித்தளைக்கு இறங்குகிற வீக்கத்தை அவள் கேள்விப்பட்டதில்லை.

பாலக்கரையில் அவர்கள் இருந்தது ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனம் உள்ள ஸ்டோர். அதன் சொந்தக்காரி இருசம்மாளிடம் ஒரு சங்கிலி இருந்தது. அவள் புருஷன் பொன்மலை ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பெயர் ஸ்டோரில் பலருக்குத் தெரியாது, சங்கிலியை எல்லோருக்கும் தெரியும். இது நடந்தது தங்கத்துக்குச் சட்டம் போட்ட வருஷம். புதிதாக நகை செய்தால் பதினாலு கேரட்டுக்கு மேல் கூடாது என்று டில்லியிலிருந்து உத்தரவு வந்திருந்தது. பதினாலு கேரட்டுக்கு வீக்கம் முழுசாக இறங்குமா, பாதிக் கன்னத்தில் நின்றுவிடுமா என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. இருசம்மாளின் சங்கிலி சட்டத்துக்கு முன்னால் பிறந்த அசல் சரக்கு. ஸ்டோரில் அதுவரை எந்தப் பிள்ளைக்குக் கன்னம் வீங்கினாலும் அதுதான் வைத்தியம் பார்த்திருக்கிறது.

இருசம்மாள் சங்கிலியைத் தன் கையாலேயே அழகிரி கழுத்தில் போட்டாள். போடும்போது இரண்டு நிபந்தனை சொன்னாள். முதலாவது, சங்கிலி அவள் கழுத்தில் இருந்தால் ஊரெல்லாம் போகலாம், அடுத்தவர் கழுத்தில் இருந்தால் ஸ்டோர் வாசலைத் தாண்டக் கூடாது. இரண்டாவதைச் சொல்வதற்கு முன் குரலைத் தாழ்த்தினாள். ஆனால் முற்றத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது.

"வீக்கம் முழுசா வத்தற வரைக்கும் கழட்டக் கூடாது, அழகிரி. சின்னப் பசங்கன்னா பரவால்ல. வயசு வந்த ஆம்பளைக்கு பாதியில கழட்டினா, அது போற வழி தெரியாம கீழ இறங்கிடும்."

எந்தக் கீழே என்று அழகிரி கேட்கவில்லை. இருசம்மாளின் கண் போன இடத்தை அவனும் பார்த்துவிட்டு அவசரமாக வேட்டியைச் சரி செய்துகொண்டான். பொன்மலையில் ஒருத்தன் இப்படித்தான் வேலைக்கு அவசரப்பட்டுப் பாதியில் கழற்றினானாம். இன்றுவரை அவனுக்குக் குழந்தை கிடையாது என்று இருசம்மாளின் புருஷன் சங்கடமான முகத்தோடு ஒப்புக்கொண்டார். அந்த ஆளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அன்றைக்குப் பகலிலேயே பிச்சமுத்து வந்துவிட்டான். சின்னையா முதலாளியிடம் ஸ்பேர் கண்டக்டராக இருந்த உறையூர்ப் பையன். சிரித்த முகம், சுருட்டை முடி, ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அழகிரி குணமாகி வருகிறவரை ஸ்ரீரங்கம் பஸ்ஸை அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பையையும் டிக்கெட் கட்டையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். பையின் வாரில் தொங்கிய விசிலைச் சட்டை நுனியில்கூடத் துடைக்காமல் வாயில் வைத்து ஒரு தடவை ஊதிப் பார்த்தான். அழகிரிக்குத் தன் பெண்டாட்டியை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் வாய் திறக்காததால் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே சின்னையா முதலாளியின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அழகிரியின் தூக்கத்தைக் கெடுத்தது கன்னம் அல்ல, அதுதான். முதலாளிக்கு மூன்று லைன். ஒன்று ஸ்ரீரங்கம், ஒன்று லால்குடி, ஒன்று முசிறி. வருஷா வருஷம் ஆடிப்பெருக்கு அன்று விடியற்காலையில் ஷெட்டில் பஸ்ஸுக்குப் பூஜை போட்டு, கண்டக்டர்கள் தோளில் அவர் கையாலேயே பை மாட்டுவார். அன்றைக்கு யார் தோளில் எந்த லைன் பை ஏறுகிறதோ அடுத்த ஆடிவரை அதுதான் அவனுக்கு. ஆடிப்பெருக்கில் தொடங்கினால் பெருகும் என்பது அவர் கணக்கு. அதில் அவருக்குப் பெருகியது, கண்டக்டர்களுக்குக் கால் வலி.

பதினோரு வருஷமாக ஸ்ரீரங்கம் பை அழகிரிக்குத்தான். எத்தனை டிரிப் அடித்தாலும் ராத்திரி சொந்தப் பாயில் படுக்கலாம். பாலத்தில் பஸ் ஏறும்போது காவேரிக் காற்று ஜன்னலுக்கு ஜன்னல் புகுந்து போகும். முசிறி லைன் என்றால் கதையே வேறு. வாரத்தில் பாதி ராத்திரி அங்கேதான் தங்கல், பஸ்ஸின் பின் சீட்டில், வாழைத்தாரோடும் கொசுவோடும். இப்போது ஸ்ரீரங்கம் பை பிச்சமுத்து தோளில் இருந்தது. ஆடிப்பெருக்குக்குள் எழுந்து நிற்காவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும், அழகிரிக்கு ஆள் இல்லாமல் கிடக்கிற முசிறிதான். முதலாளி டிரைவரிடம் சொல்லியனுப்பிய சேதியும் அதைத்தான் சொன்னது. வீக்கம் காலிலா வாயிலா என்று விசாரித்திருந்தார். காலில் இல்லையென்றால் வந்து நிற்கட்டும், படுத்திருக்கிறவனுக்குப் பை எதற்கு என்று கேட்டிருந்தார்.

ஆகவே அழகிரிக்கு இரண்டு பயம். சீக்கிரம் வேலைக்குப் போனால் கீழே இறங்கும். நிதானமாகப் போனால் முசிறி.

பாப்பாயிக்கு இந்த இரண்டில் ஒன்றுமே பயமாகத் தெரியவில்லை. கஞ்சியை ஆற்றிக்கொண்டே அவள் தன் அபிப்பிராயத்தைச் சொன்னாள்.

"நாலு போதும்ங்க. இறங்கினா இறங்கட்டும். அதுக்குத்தானே பெரியாஸ்பத்திரியில கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆபரேசன் பண்றாங்க. உங்களுக்கு வீட்டுக்கே வருது."

அப்படியானால் முசிறி என்று கையை ஆட்டிக் காட்டினான் அழகிரி. வாரத்தில் பாதி ராத்திரி அங்கே. அதையும் அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, அதுவும் அதே காரியத்தைத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாகச் செய்யும் என்றாள். அழகிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான். வீங்காத பக்கமாகத்தான் திரும்ப முடிந்தது என்பதால் அவளைப் பார்த்தபடியே கோபித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

டாக்டர் ஹபீபுல்லாவின் டிஸ்பென்சரி தெருமுனையில்தான் இருந்தது. ஆனால் சங்கிலி வாசலைத் தாண்டக் கூடாது என்பதால் டாக்டர்தான் சைக்கிளில் வந்து இறங்க வேண்டியிருந்தது. அவர் கன்னத்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்றார். தங்கத்துக்கும் நோய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, எச்சிலால் பரவுகிற நோய் இது, தானாக வந்து தானாகப் போகும் என்று விளக்கினார். அழகிரி அவர் காதைத் தன் வாய்ப்பக்கம் இழுத்து, கீழே இறங்குவதைப் பற்றிக் கேட்டான். டாக்டர் சிரிக்காதது அழகிரியை இன்னும் கலக்கியது.

"அது முழுப் பொய்யில்லப்பா. பெரிய ஆம்பளைக்கு வந்தா சில பேருக்கு அப்படி ஆகும். ஓய்வா படுத்திருக்கணும், அவ்வளவுதான். இந்தச் சங்கிலி உன்னை வாசல் தாண்டவிடாம கட்டிப்போட்டிருக்கே, அதுவே பெரிய வைத்தியம்."

எப்போது வேலைக்குப் போகலாம் என்பதற்கும் அவர் ஒரு வழி சொன்னார். புளிப்பாக எதையாவது நாக்கில் வைத்தால் காதுக்குக் கீழே சுருக்கென்று இழுக்கும். இழுக்காத அன்றைக்குப் போகலாம். சொன்னவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது. பாப்பாயி தினமும் காலையில் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டு வந்து, பிள்ளைகள் நாலும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, அவன் நாக்கில் பிழிந்தாள். அவன் பாயோடு சுருண்டு எழுந்தால், இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு மீதிப் பழத்தை ரசத்துக்கு வைத்துக்கொண்டாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அழகிரிக்குச் சங்கிலி பிடித்துப்போயிற்று. பிறந்ததிலிருந்து அவன் கழுத்தில் தொங்கியது பை வார் மட்டும்தான். இப்போது முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால், எதிர்வீட்டுச் செல்வமேரி, வழக்கமாக 'ஏய் கண்டக்டரே' என்று கூப்பிடுகிறவள், 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டாள். ஆள் மாறவில்லை, கன்னம்தான் மாறியிருந்தது, அதுவும் நல்லபடியாக அல்ல. ஆகவே மரியாதை சங்கிலிக்குத்தான் என்று அவனுக்கு விளங்கியது. விளங்கியும் என்ன, பனியனுக்கு மேலே அதை எடுத்து விட்டுக்கொள்ளத்தான் செய்தான்.

இடது கன்னம் மெல்ல வற்றியது. அழகிரி காக்கிச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டான். சட்டை காய்வதற்குள் வலது கன்னம் வீங்க ஆரம்பித்தது. பாப்பாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். ஸ்ரீரங்கம் போன பஸ் ஜங்ஷனுக்குத் திரும்புகிற மாதிரி இருக்கிறது என்றாள். அழகிரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடிக் காற்று முற்றத்துக் கொடியிலிருந்து சட்டையை உருவி எறிந்தது. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் தன் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அழகிரி எழுந்து ஸ்டோர் வாசல்வரை போனான். சங்கிலிக்கு மரியாதை கொடுத்து, கால் விரல்களை நிலைப்படிக்கு உள்ளேயே நிறுத்தி, தலையை மட்டும் வெளியே நீட்டினான். பஸ் தெருமுனையில் நின்றது. பிச்சமுத்து படியில் தொங்கிக்கொண்டு, 'பாத்து ஏறுங்கக்கா' என்று ஒரு பூக்காரியின் கூடையை அவனே வாங்கி உள்ளே வைத்தான். பாப்பாத்தி என்று பெயர் கொண்ட அந்தப் பூக்காரி கூடைக்கு லக்கேஜ் காசு கொடுக்க மாட்டேன் என்று அழகிரியிடம் தினமும் சண்டை போடுகிறவள். இப்போது வாய் நிறையச் சிரித்தாள். பிச்சமுத்து விசிலைக் கொடுத்தான். கணீரென்று இருந்தது. பஸ் கிளம்பிப் போயிற்று.

பதினோரு வருஷம் அழகிரி அந்தப் படியில் நின்றிருக்கிறான். அவன் இல்லாவிட்டால் பஸ் பாலத்தைத் தாண்டாது என்று அவனுக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது போல, அதை அவனே அன்றைக்குத்தான் கண்டுபிடித்தான். பஸ் தாண்டியது. யாரும் 'எங்கே அந்தப் பழைய ஆள்' என்று கேட்டதாகவும் தெரியவில்லை. அழுகை வந்தது. அழுதால் கன்னம் வலிக்கும் என்பதால் அழாமல் உள்ளே போய் உட்கார்ந்தான்.

ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் எலுமிச்சம்பழம் பாதித் தீர்ப்புச் சொன்னது. வலது பக்கம் வீக்கம் கொஞ்சம்தான் மிச்சம், ஆனால் புளிப்புக்கு இன்னும் இழுத்தது. அழகிரி இழுக்கவில்லை என்று தலையை ஆட்டினான். பாப்பாயி அவன் கண்ணில் நிறைந்த தண்ணீரைப் பார்த்துவிட்டுப் பழத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கே இருசம்மாளும் வந்து நின்றாள். ஆடிப்பெருக்கு அன்று அம்மாமண்டபம் படித்துறைக்குக் கழுத்தில் ஒன்றுமில்லாமல் போனால் ஊர் சிரிக்கும், சங்கிலி வேண்டும் என்றாள். வீக்கம் முழுசாக வற்றவில்லையே, கழற்றினால் இறங்கிவிடாதா என்று அழகிரி அவள் சொன்னதையே அவளுக்குத் திருப்பிச் சொன்னான். இருசம்மாள் சங்கடப்பட்டாள். தன் சங்கிலியின் பெருமை ஒரு பக்கம், படித்துறைப் பெருமை ஒரு பக்கம். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். விடியற்காலையில் ஷெட் வரை சங்கிலி அழகிரி கழுத்திலேயே வரும், அவளும் கூடவே வருவாள். பை தோளில் ஏறுகிற நிமிஷத்தில் கழற்றி அவளிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் அதே பஸ்ஸில் அம்மாமண்டபம் போய்விடுவாள். நோய்க்கு எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் தங்கம் காட்டியாகிவிடும்.

விடியற்காலையில் பாப்பாயி சுடச்சுடக் கஞ்சி கொடுத்தாள். காதையும் கன்னத்தையும் மறைத்துத் துண்டைத் தலையில் கட்டிவிட்டாள். ஆடிக் காற்றுக்கு ஊரே அப்படித்தான் கட்டிக்கொண்டு போகும், சந்தேகம் வராது. முடிச்சைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"பேச்சுக்குத்தான் சொன்னேன். முசிறி கிசிறின்னு போயிடாதீங்க. ராத்திரி வீட்டுக்கு வந்துடுங்க."

அழகிரி அவளைப் பார்த்தான். அத்தனை நாளும் காணாத தெம்பு அவனுக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது. வேகமாக நடந்தான். பின்னாலேயே இருசம்மாள், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பூஜைக் கூடையோடு, சந்தைக்கு ஆடு ஓட்டிப் போகிறவள் மாதிரி அவன் கழுத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தாள்.

ஷெட்டில் பஸ்கள் குளித்து, பொட்டு வைத்து, முகப்பில் வாழைக்கன்று கட்டிக்கொண்டு நின்றன. சின்னையா முதலாளி சந்தனம் பூசிய கன்னங்களோடு நடுவில் நின்றார். லால்குடி ஆளுக்குப் பை மாட்டியாகிவிட்டது. ஸ்ரீரங்கம் பை பிச்சமுத்து தோளிலேயே இருந்தது. அவனும் காதோடு சேர்த்துத் துண்டு கட்டியிருந்தான்.

முதலாளி அழகிரியைப் பார்த்ததும், வந்துட்டியா என்றார். பிச்சமுத்துவையும் பார்த்தார். ஒரு பை, இரண்டு தோள். அவர் அதற்கும் வழி வைத்திருந்தார். முதலில் இரண்டு பேரும் பிரசாதம் சாப்பிட வேண்டும். அப்புறம் ஆளுக்கு ஒரு தடவை விசில் ஊத வேண்டும். எவன் விசில் தெருமுனைக்குக் கேட்கிறதோ அவனுக்கு ஸ்ரீரங்கம், மற்றவனுக்கு முசிறி.

ஆடிப்பெருக்குப் பிரசாதம் என்னவாக இருக்கும்? புளி சாதம்தான். முதலாளி வீட்டுப் புளி சாதம் வேறு, புளியைக் கரைத்துக் காய்ச்சிக் குழம்பாக்கிக் கைநிறையப் போட்டுக் கிளறியது. வாழை இலையில் ஆளுக்கு ஒரு உருண்டை வைத்தார்கள்.

அழகிரி ஒரு வாய் வைத்தான். வலது காதுக்குக் கீழே யாரோ கம்பியைக் காய்ச்சி இழுத்தார்கள். அவன் முகம் அசையவில்லை. தினம் ஒரு எலுமிச்சம்பழமாகப் பாப்பாயி கொடுத்த பயிற்சி அது. கண்ணில் வந்த தண்ணீருக்கு மட்டும், காரம் கொஞ்சம் தூக்கல் என்று காரணம் சொல்லிவைத்தான். சொல்லிவிட்டுத் திரும்பினால், பிச்சமுத்து முதல் வாய் வைத்த இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தான். தாடை பாதியில் நின்றுவிட்டது. கை மெல்ல மேலே போய், துண்டுக்கு மேலாக, இடது காதுக்குக் கீழே அமுக்கியது.

அங்கே நின்றவர்களில் வேறு யாருக்கும் அதற்கு அர்த்தம் தெரியவில்லை. பிச்சமுத்துவுக்கே தெரியவில்லை, பல் வலி என்று நினைத்துக்கொண்டு அடுத்த வாயை எடுத்தான். அழகிரிக்குத் தெரிந்தது. அந்தக் கை எந்த இடத்தில் போய் நிற்கும் என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவன் அவன்தான். அவன் கண் பிச்சமுத்துவின் பையில் தொங்கிய விசிலுக்குப் போயிற்று. ஓரத்தில் அழகிரியின் பல் பட்டுப் பட்டுப் பதிந்த தடம். துடைக்காமல் வாயில் வைத்த அந்த முதல் ஊதலும், டாக்டர் எச்சில் என்று சொன்னதும் ஒன்றாக ஞாபகம் வந்தன. பொன்னுக்கு வீங்கி வேறு எங்கிருந்தும் அந்தப் பையனுக்கு வரவில்லை. பையோடு சேர்த்துக் கொடுத்தது அழகிரிதான்.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவன் யோசித்தான். பிச்சமுத்துவுக்கு இன்றைக்குத்தான் ஆரம்பம். இன்னும் ஊத முடியும், கணீரென்றே ஊதுவான், பையும் அவனுக்குத்தான். இன்றைக்கு முழுக்க ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் நசுங்கி, படியில் தொங்கி, நாளைக்கும் வலியோடு ஓடுவான். ஆவணியில் கல்யாணம். பேசினால்? எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். துண்டை அவிழ் என்பார்கள். இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு வேறு ஆளைப் போட முதலாளிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு வழிதான் இருந்தது. அதை நினைத்ததுமே அவன் தொடைகள் தாமாக ஒட்டிக்கொண்டன.

அழகிரி காக்கிச் சட்டையின் மேல் பட்டனை அவிழ்த்தான். இருசம்மாளின் சங்கிலியைக் கழற்றினான். இருசம்மாள் வாங்கிக்கொள்வதற்காகக் கையை நீட்டினாள். அவன் அவளைத் தாண்டிப் போய்ப் பிச்சமுத்துவின் கழுத்தில் போட்டான்.

"தம்பிக்குப் பொன்னுக்கு வீங்கிங்க. அந்தத் துண்டை அவுத்துப் பாருங்க."

அவிழ்த்துப் பார்த்தார்கள். காதுக்குக் கீழே பள்ளம் இருக்க வேண்டிய இடம் நிரம்பியிருந்தது. பிச்சமுத்து பதறிப்போய் ஏதோ சொல்ல வந்தான். அழகிரி அவன் காதோடு காதாக, கீழே இறங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னான். பிச்சமுத்து உடனே பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டு, சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

முதலாளி அழகிரி பக்கம் திரும்பினார். "உனக்கு?"

"எனக்கு இறங்கிடுச்சுங்க."

"எங்க இறங்கிச்சு?"

ஷெட்டே சிரித்தது. அழகிரியும் ஒரு பக்க வாயால் சிரித்தான். யாரும் அவன் துண்டை அவிழ்க்கச் சொல்லவில்லை. சங்கிலி கழுத்தில் இருந்தால் நோயாளி, கழற்றிவிட்டால் குணமானவன். இதில் முதலாளிக்கு மட்டுமல்ல, திருச்சியில் யாருக்குமே சந்தேகம் கிடையாது. கீழே இறங்கும் என்று தெரிந்துகொண்டே பாதியில் கழற்றுகிற பைத்தியக்காரன் எங்காவது இருப்பானா?

கழற்றியவன் தொடைகளை இன்னும் ஒட்டியே வைத்துக்கொண்டு நின்றான். பையனுக்கு நல்லது செய்தோமா, தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டோமா என்று அவனுக்கே பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொண்டான். விசிலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் மண் போட்டுத் தேய்த்துக் கழுவினான். திரும்பி வந்து ஊதினான். உயிர் காது வழியாகப் போய்த் திரும்பியது. சத்தம் தெருமுனைக்குக் கேட்டிருக்காது. முதலாளி காதுக்குக் கேட்டது, போட்டிக்கு அங்கே வேறு தோளும் இல்லை. பை ஏறியது.

இருசம்மாள் இதற்குள் வாயைத் திறந்துவிட்டாள். உறையூர்க்காரன் கழுத்தில் தன் சங்கிலியைப் போட இவன் யார் என்று தொடங்கினாள். ஆவணியில் கல்யாணம்க்கா என்று அழகிரி சொன்னான். அதற்குக் கொஞ்சம் தணிந்தாள். முதலாளி சங்கிலியை உற்றுப் பார்த்து, சட்டத்துக்கு முந்தின தங்கமா என்று கேட்டார். அதற்கு முழுசாகத் தணிந்து, அசல் என்றாள், ஷெட்டுக்கே கேட்கும்படி. பிறகு இரண்டு நிபந்தனையையும் பிச்சமுத்துவுக்குச் சொல்லி, அவனைக் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி, பெண்கள் சீட்டில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டாள். அம்மாமண்டபம் படித்துறையில் அன்றைக்கு அவள் வெறுங்கழுத்தோடுதான் காவேரிக்குக் கருகமணி விட்டாள். பக்கத்தில் அவள் சங்கிலியைப் போட்டுக்கொண்டு ஒரு வாலிபன் தலைமுழுக்கத் துண்டோடு நின்றதை ஊர் என்ன நினைத்ததோ தெரியாது. பூஜை முடிந்ததும் கையோடு ஸ்டோருக்குக் கூட்டிவந்து தன் வீட்டு முன்னறையில் படுக்கவைத்துவிட்டாள்.

முதல் டிரிப்பிலேயே பூக்காரி பாப்பாத்தி ஏறினாள். அந்தத் தம்பி எங்கே என்றுதான் கேட்டாள். முன்சீட்டைக் காட்டிவிட்டுக் கூடைக்கு லக்கேஜ் கேட்டான் அழகிரி. அவள் அவனையும் அவன் பஸ்ஸையும் முதலாளியையும் பாலம் தாண்டுகிற வரை திட்டிக்கொண்டு வந்தாள். அழகிரிக்குக் கேட்கக் கேட்கச் சுகமாக இருந்தது. ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சொந்தப் பாயில் விழுந்தான்.

வலது கன்னம் தங்கமே இல்லாமல் தானாக வற்றியது. அழகிரி அதை நம்பவில்லை. எங்கேயோ இறங்கியிருக்கிறது என்று கொஞ்ச நாள் குளிக்கும்போதெல்லாம் கவலையோடு குனிந்து பார்த்துக்கொண்டான். தெரிந்துகொள்ள வேறு வழி ஒன்று இருந்தது. அந்த வழியையும் பார்த்தான்.

ஐப்பசியில் பாப்பாயி குழாயடியில் வாந்தி எடுத்தாள். இருசம்மாள் ஸ்டோர் முழுக்கப் போய், பாதியில் கழற்றியும் இந்த வேலை செய்கிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட தங்கம் என்று சொல்லிவிட்டு வந்தாள். பிச்சமுத்துவின் கல்யாணம் ஆவணியில் குறையில்லாமல் நடந்து, அவன் பெண்டாட்டியும் தை பிறப்பதற்குள் புளிக்கு ஆசைப்பட்டாள். இருசம்மாளைப் பிடிக்க முடியவில்லை. வைகாசியில் பாப்பாயிக்கு ஐந்தாவது பிறந்தது. பொன்னுத்தாய் என்று பெயர் வைத்ததும் இருசம்மாள்தான்.

அடுத்த ஆடிப்பெருக்கு விடியற்காலையில் அழகிரி பை வாங்கப் புறப்பட்டான். ராத்திரியெல்லாம் கண்ணை மூடாத பாப்பாயி தோளில் பொன்னுத்தாயோடு வாசல்வரை வந்தாள். குழந்தை அவள் காதுப் பித்தளையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"ஏங்க," என்றாள். "முசிறி லைன் இந்த வருசம் காலியா இருக்கான்னு முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."